வற்றத்தோடு போனவர்

மரமுரசு இரண்டாம் சுற்று அதிர்ந்தபோது கெலெராவின் கையில் பாதி தோல் சீவிய பப்பாளி இருந்தது. முதல் சுற்றை அவள் நம்பவில்லை. கடலுக்குள் திட்டாகக் கிடக்கும் பவளப்பாரில் அன்று அலை போட்ட இரைச்சலில் எது முரசு, எது கடல் என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? இரண்டாம் சுற்றில் அது தெளிவாகிவிட்டது. ஒற்றை அடி. ஒரு மூச்சு இடைவெளி. மறுபடி ஒற்றை அடி. சாவுக்கு மட்டும் அடிக்கிற அடி.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, விடுதிச் சமையற்கட்டின் பின்வாசலுக்கு வந்தாள். இடைக்கடலுக்கு அப்பால் ஊர் தெரிந்தது. தென்னைகளுக்கு நடுவே தகரக் கூரைகள். சிவப்புக் கூரை அவர்கள் வீடு. அதற்குள்தான் ஒரு வாரமாக அப்பா எரோனி கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தார்.

முற்றத்தில் அலைக்காரர்கள் கூச்சலும் சிரிப்புமாக நின்றிருந்தார்கள். ஊரில் அவர்களுக்கு அதுதான் பெயர். எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி, கப்பல் ஏறி, கடைசியில் சின்னப் படகில் உப்புத் தண்ணீரில் நனைந்து இந்த மணல்திட்டுக்கு வந்து சேர்பவர்கள். நல்ல அலைக்காகக் கரையில் நாள்கணக்கில் தவம் கிடப்பவர்கள். தவம் அன்று பலித்திருந்தது. காலை ஆட்டம் முடித்து, சறுக்குப் பலகைகளைக் கழுவிக்கொண்டு, ஒருவன் முதுகை ஒருவன் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அது என்ன சத்தம்? கல்யாணமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

அதற்குள் விடுதிக்காரன் பிரெண்டன் தன் அறையிலிருந்து வெளியே வந்தான். இடுப்பில் கறுப்புத் துணி. கக்கத்தில் புதுப் பாய் ஒன்று, சுருட்டியது. கையில் செய்தித்தாளில் சுற்றிய கவா வேர்க்கட்டு, சடங்குகளில் கரைத்துக் குடிப்பது. துக்க வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியது எல்லாம் தயார்.

"கெலெரா, ரொம்ப வருத்தமா இருக்கு" என்றான். பதினெட்டு வருடம் தீவில் இருந்தவன். ஊர்ப் பேச்சு அவனுக்கு ஊர்க்காரர்களைப் போலவே வரும்.

அவள் அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"யாருக்கு அடிக்கிறாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"உங்க அப்பாவுக்கு... இல்லையா?"

"ஊர்ல இன்னும் ரெண்டு பேர் படுத்த படுக்கையா கிடக்காங்க. எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிரெண்டனுக்கு முகம் சிவந்தது. வெயிலில் எப்போதும் சிவந்தே இருக்கிற முகம்தான். அதனால் அதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. ஆனால் அந்தக் கறுப்புத் துணியை வைத்து முடிவுகட்டலாம். முரசு அடித்து எவ்வளவு நேரம் ஆகிறது? அதற்குள் எப்போது தேடினான், எப்போது கட்டினான்?

முந்தின நாள் மாலை காதில் விழுந்தது அவளுக்கு நினைவு வந்தது. சமையற்கட்டு ஜன்னலுக்கு வெளியே பிரெண்டனும் அவள் அண்ணன் சகியூசாவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"புதன்கிழமை வரைக்கும் தாங்குவாரா உங்க அப்பா?"

"தாங்குவாரு. தாங்கணும்."

ஞாயிறன்று அலை எழத் தொடங்கும், புதன்கிழமை அடங்கும் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். இன்று திங்கள்.

அலை உடையும் அந்தப் பவளப்பாருக்கு எரோனிதான் சொந்தக்காரர். குலத்துப் பார், குலத்துக்கு மூத்தவர் அவர். விடுதி வந்த நாளிலேயே அவர் சட்டம் போட்டுவிட்டார். பத்துப் படுக்கைக்கு மேல் பதினோராவது போடக் கூடாது. பவளத்தின் மேல் நங்கூரம் விழக் கூடாது. மிதவையில்தான் படகைக் கட்ட வேண்டும். கழிவு கடலுக்குப் போகக் கூடாது. பாருக்காக விடுதி தரும் பங்குப் பணம் பள்ளிக்கூடப் படகுக்கும் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கும். கடைசியாக ஒன்று: பாருக்குரியவன் செத்தால், பாரில் கழி நட்டு அதை மூட வேண்டும். நூறு இரவுகளுக்கு மீன்வலையும் படக் கூடாது, மனிதக் காலும் படக் கூடாது.

பிரெண்டன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஆட்டியதோடு விடவில்லை. விடுதியின் விளம்பரத்தில் எரோனியின் பொக்கைவாய்ச் சிரிப்பைப் பெரிதாகப் போட்டு, 'இந்தக் கடலுக்கு ஓர் உடையவர் இருக்கிறார். அவர் வேண்டாமென்றால் வேண்டாம்தான்' என்று எழுதியும் வைத்தான். இயற்கையைக் கெடுக்காத பயணம் தேடுகிறவர்கள் அதைப் படித்துவிட்டே வந்தார்கள். ஆனால் அந்தக் கடைசிச் சட்டத்துக்கு இத்தனை வருடத்தில் வேலை வரவில்லை. உடையவர் உயிரோடு இருந்தார்.

சகியூசாவின் படகு வந்து மணலில் மூக்கை வைத்தது. அவன் இறங்கவில்லை. எஞ்சினைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"வா."

"எப்போ?"

"இப்பத்தான். வற்றத்தோட போயிட்டாரு."

அவள் ஏறி உட்கார்ந்தாள். பிரெண்டன் பின்னால் ஏறிக்கொண்டான். பாதி வழி வந்த பிறகுதான் அண்ணன் சொன்னது அவளுக்கு உறைத்தது.

வற்றமா?

அந்த ஊரில் சாவைச் சொல்லும்போது எந்த நீரில் போனார், கடல் ஏறும் ஏற்றத்திலா, இறங்கும் வற்றத்திலா என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏற்றத்தில் போனால் ஏற்றத்தில் கழி நட வேண்டும், வற்றத்தில் போனால் வற்றத்தில். மாற்றி நட்டால் போனவர் கரைக்கும் பாருக்கும் நடுவில் திசை தெரியாமல் நின்றுவிடுவார். அதனால் நேரத்தை மாற்றிச் சொல்கிறவன்கூட நீரை மாற்றிச் சொல்ல மாட்டான்.

ஊர்த்துறை வந்தது. கல்படிகளில் மேல் இரண்டு மட்டும்தான் வெளியே தெரிந்தன. அவள் கண் முன்னாலேயே அதில் ஒன்றும் நனைந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே ஏறிக்கொண்டுதான் இருந்தது. விடியும்போது காய்கறித் தோலை உரக்குழியில் கொட்டப் போனவள் பாரின் முதுகு வெளியே கிடந்ததைப் பார்த்திருந்தாள். தண்ணீர் ஏறட்டும் என்று அலைக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்ததையும் பார்த்திருந்தாள். வற்றம் என்றால் அது விடிவதற்கு முன்னால்.

அப்பா விடிவதற்கு முன்பே போய்விட்டார். அதற்குப் பிறகு அண்ணன் படகெடுத்து, பத்துப் பேரைப் பாருக்குக் கூட்டிப் போய், அவர்கள் ஆசை தீர ஆடும்வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அதன் பிறகு முரசு அடித்திருக்கிறான்.

படியில் கால் வைக்கும்போது அண்ணன் கை நீட்டினான். அவள் அதைப் பிடிக்காமல் இறங்கினாள்.

வீட்டுக்குள் அத்தை லவேனியாவின் ஆட்சி தொடங்கிவிட்டிருந்தது. எரோனியின் அக்கா. செத்தவரைத் தொட்டுக் கழுவி, எண்ணெய் பூசி, பாயில் கிடத்தும் உரிமை கூடப் பிறந்தவர்களுக்கும் அந்தக் குலத்துப் பெண்களுக்கும்தான். கட்டிக்கொண்டு வந்தவளுக்கு இல்லை. அம்மா தெற்கே வேறொரு தீவிலிருந்து வந்தவள். ஆகவே அவள் மூலையில், சுவரோடு சுவராக, காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

"வந்தியா? உங்க அப்பன் செத்துக் கிடக்கிறப்ப அலைக்காரங்களுக்குப் பந்தி வச்சு முடிச்சாச்சா?" என்றாள் அத்தை.

கெலெரா அப்பாவின் அருகே போய் மண்டியிட்டாள். கையைத் தொட்டாள். விரல் மடங்கவில்லை. புதிதாகப் போனவரின் கை இல்லை அது.

அத்தை அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து, தன் தம்பியின் நெஞ்சை முகர்ந்தாள். எழுந்து, எண்ணெய்ப் புட்டியை எடுத்து முகர்ந்தாள். மறுபடி நெஞ்சை முகர்ந்தாள்.

"இந்தா, நீயும் மோந்து பாரு."

"என்ன அத்தை?"

"எங்க எண்ணெய் மஞ்சள் போட்டுக் காய்ச்சினது. இது அது இல்லை. எனக்கு முந்தி யாரோ இவனைத் தொட்டிருக்காங்க. குளிப்பாட்டியிருக்காங்க. நகம் வெட்டியிருக்காங்க. முடியைப் பாரு."

கெலெரா பார்த்தாள். ஒரு வாரமாகத் தலையணையில் சப்பையாகக் கிடந்த முடி. இப்போது அது உருண்டையாக, பந்து போல, காதுக்கு மேலே சரிசமமாகத் தூக்கிச் சீவப்பட்டிருந்தது. வெளுத்த சுருட்டை முடியை அப்படி நிமிர்த்திவிட வேண்டுமானால் சீப்பை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார வேண்டும்.

"இது எப்போ நடந்துச்சு? யார் கை?" அத்தையின் குரல் இறங்கியது. குரலை இறக்கினால்தான் அத்தைக்குப் பயப்பட வேண்டும். "முரசு அடிச்சப்ப தண்ணி ஏறிக்கிட்டு இருந்துச்சு. உங்க அண்ணன் வற்றம்கிறான். என் காது செவிடு, கண்ணு குருடு இல்லை. அந்த வெள்ளைக்காரன் ஒரு நாள் அலையைப் பிடிக்கிறதுக்காக என் தம்பியைப் பொணமாப் போட்டு மூடி வச்சிருக்காங்க. சாயங்காலம் பெரியவங்க வரட்டும். விடுதியும் இல்லை, படகும் இல்லை, ஒண்ணும் இல்லைன்னு ஆக்கிடறேன்."

கெலெரா மூலையில் இருந்த அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொல்லையில் ஆண்கள் அடுப்புக்குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை மகன் அபகுக்கி குழிக்குள் இடுப்பளவில் நின்று மண்ணை வாரி வெளியே எறிந்தான். சாவு வீட்டில் மச்சான்மார்கள் கேலி பேசாவிட்டால்தான் தப்பு. அபகுக்கி அந்தக் கடமையில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

"ஏய் கெலெரா, மாமா போனாலும் போனாரு, அலை பிரமாதமா இருந்த நாளாப் பார்த்துல்ல போனாரு! என்ன ஒரு ரசிகன்!"

"வாயை மூடிக்கிட்டுத் தோண்டு. குழியைப் பன்னிக்குத்தான் தோண்டுறே, உனக்கு இல்லை."

"எனக்கும் ஆகும். உங்க அண்ணன் பார்க்கிற பார்வையைப் பார்த்தா இன்னிக்கே ஆகும்."

சகியூசா தள்ளி, விறகுக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தான். கெலெரா அவன் பக்கம் போனாள். வளர்ந்த அண்ணனும் தங்கையும் முகத்தைப் பார்த்துச் சண்டை போடுவது அந்த ஊரில் இல்லாத வழக்கம். சாப்பிடு, வா, போ என்பதற்கு மேல் நேராகப் பேச வேண்டியிருந்தால் நடுவில் யாரையாவது வைத்துக்கொள்வார்கள். யாரும் கிடைக்காததால் அவள் விறகுக்கருகில் படுத்திருந்த கறுப்பு நாயை வைத்துக்கொண்டாள்.

"ஏய் கறுப்பா," என்றாள் நாயிடம், "உன் எஜமான் ரொம்பக் கெட்டிக்காரன். அப்பன் செத்துக் கிடக்கிறப்ப ஊர் உலகத்துக்கெல்லாம் அலை காட்டப் போறான். அந்த வெள்ளைக்காரன் என்னடான்னா முரசு அடிக்கிறதுக்கு முந்தியே கறுப்புத்துணி கட்டிக்கிட்டு நிக்கிறான். உனக்காவது வெட்கம் இருக்கு, வாலைச் சுருட்டிக்கிட்டுப் படுத்திருக்கே."

நாய் ஒரு கண்ணைத் திறந்து மூடியது.

"கறுப்பா," என்றான் சகியூசா, "அந்தத் துணி ஒரு வாரமா அவன் கட்டில் தலைமாட்டுல மடிச்சு இருக்குன்னு சொல்லு."

"புதன்கிழமை வரைக்கும் தாங்குவாரான்னு கேட்டானே, அதுவும் தலைமாட்டுல மடிச்சு இருந்துச்சா?"

"புதன்கிழமை டாக்டர் படகு வருது."

"அலையும் புதன்கிழமைதான் அடங்குது."

இரண்டும் உண்மை. எதை நினைத்து பிரெண்டன் கேட்டானோ, எதை நினைத்து அண்ணன் பதில் சொன்னானோ, அதை நாயாலும் சொல்ல முடியாது.

"விடியக்காலம் போயிட்டாரு. உனக்குத் தெரியும்" என்றாள் கெலெரா. நாயை மறந்துவிட்டாள்.

"ஆமா. நான்தான் மறைச்சேன். போதுமா? போய் அத்தைகிட்ட சொல்லு."

இவ்வளவு சுலபமாக வந்த ஒப்புதலை அவளால் நம்ப முடியவில்லை. அண்ணன் சின்ன வயதில் ஒரு தேங்காய் திருடினால்கூட ஒப்புக்கொள்ள மூன்று நாள் ஆகும்.

"அப்போ எண்ணெய் யார் பூசினா? நீயா? முடி சீவினது நீயா? உன் தலையையே நீ சீவ மாட்டே."

அவன் ஒரு சுள்ளியை எடுத்து உடைத்தான். இன்னொன்றை உடைத்தான்.

"வெளிச்சம் வர்றப்ப வந்தேன்" என்றான் சுள்ளியிடம். "அம்மா வாசல்ல வழியை மறிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. தூங்குறாரு, எழுப்பாதேன்னா. தோளுக்கு மேல எட்டிப் பார்த்தேன். பாதம் தெரிஞ்சுது. தூங்குறவன் பாதம் அப்படி இருக்காது. முரசுகிட்ட போறேன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'முரசு அடிச்சா எல்லாரும் வந்துடுவாங்க. கொஞ்ச நேரம். நீ போ, உன் ஆளுங்க காத்திருப்பாங்க'ன்னா. கை பூரா எண்ணெய்."

"நீ போயிட்டே."

"போயிட்டேன்."

"அம்மாவுக்காகவா, அலைக்காகவா?"

சகியூசா எழுந்தான். "அதைத்தான் காலையிலேருந்து நானும் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குழிப் பக்கம் போனான்.

அவள் அங்கேயே நின்றாள். ஒரு வாரமாக அந்த வீட்டில் ஆள் நடமாட்டம் ஓயவில்லை. அதற்கு முன்பும் ஓய்ந்ததில்லை. எரோனியைப் பார்க்க வருகிறவர்கள், பாரைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள், அவரோடு படம் எடுத்துக்கொள்ள வருகிற அலைக்காரர்கள். அம்மா எல்லாருக்கும் தேநீர் போட்டாள். கெலெராவுக்கு நினைவு தெரிந்து அப்பாவும் அம்மாவும் தனியாக இருந்து அவள் பார்த்ததில்லை.

ஆனால் அத்தைக்கு இது தெரிந்தால்? கூடப் பிறந்தவர்களிடமிருந்து பிணத்தை மறைத்த மனைவி தலைமாட்டில் உட்காரும் உரிமையை இழப்பாள். நூறு இரவும் அவள் வெளியே இருக்க வேண்டும். நூறாவது இரவு முடிந்ததும் பெட்டியைக் கட்டி, பிறந்த தீவுக்குப் படகேற்றிவிடுவார்கள். அங்கே அம்மாவுக்கு இப்போது யாரும் இல்லை. சொல்லாமல் விட்டாலோ பழி விடுதியின் மேல் விழும். அண்ணன் தலைகுனிவான். பள்ளிக்கூடப் படகு நிற்கும்.

மூன்றாவது வழி ஒன்று இருந்தது. ஏற்றத்தில்தான் போனார், அண்ணன் வாய் தவறிவிட்டான் என்று சொல்லிவிடலாம். எல்லாரும் தப்பித்துவிடலாம். அப்பா மட்டும் கரைக்கும் பாருக்கும் நடுவில் நிற்பார்.

வெயில் சாய்ந்தபோது பெரியவர்கள் வந்தார்கள். பாய்கள் அடுக்கடுக்காக விரிக்கப்பட்டன. கவா கரைக்கும் மரத்தாம்பாளம் நடுவில் வந்தது. பிரெண்டன் தன் பாயையும் வேர்க்கட்டையும் முறைப்படி வைத்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய்ச் சம்மணமிட்டான். அலைக்காரர்களும் வந்திருந்தார்கள். இரவல் வாங்கிய இடுப்புத்துணி அவர்களுக்கு நிற்கவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

சகியூசா குலத்தின் சார்பில் சாவைச் சொன்னான். "எங்கள் அப்பா எரோனி வற்றத்தோடு போனார்."

கூட்டம் அசைந்தது. எல்லாரும் கடலில் வளர்ந்தவர்கள். முரசு அடித்தபோது தண்ணீர் எப்படி இருந்தது என்று அங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அத்தை எழுந்தாள். "எந்த வற்றம்? அதைச் சொல்லு. யார் இவனை எனக்கு முந்தித் தொட்டது? அதையும் சொல்லு. அலைக்காரங்க ஆடி முடிக்கிற வரைக்கும் என் தம்பி யாருக்காகக் காத்துக் கிடந்தான்?"

சகியூசா வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று கெலெராவுக்குத் தெரிந்துவிட்டது. கொல்லையில் அவளிடம் சொன்னதையே சொல்லப் போகிறான்.

"எனக்காக" என்றாள் அவள்.

எல்லாத் தலையும் திரும்பியது.

"விடியக்கால வற்றத்துலதான் போனாரு. நான் இங்கதான் இருந்தேன். நான்தான் குளிப்பாட்டினேன், எண்ணெய் வச்சேன், தலை சீவினேன். முரசு அடிச்சா எல்லாரும் வந்துடுவீங்க. அதுக்கு முந்தி அப்பாவைக் கொஞ்ச நேரம் என்கிட்டயே வச்சுக்கணும்னு தோணுச்சு. அம்மா வேண்டாம்னுதான் சொன்னா. நான் கேட்கலை. அப்புறம் வேலைக்குப் போயிட்டேன்."

மகள் குலத்துப் பெண். அவள் கை பட்டால் தீட்டில்லை. மறைத்தது குற்றம்தான்; ஆனால் பெற்ற மகளின் குற்றம்.

அத்தை அவளிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்தப் படகுல வந்தே?"

கெலெரா இதை யோசித்து வைக்கவில்லை.

"என் படகுல" என்றான் சகியூசா.

அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கடைசி வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏன்யா, நீ சொல்லு. எங்க சாவுக்கு முந்தியே துக்கத்துணி கட்டுறவன் நீ. உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குமே. காலையில இவ அங்க இல்லையா?"

விடியற்காலையில் சமையற்கட்டுக்கு வந்து, கெலெராவின் கையால் காபி வாங்கி, அடுப்புப் பக்கத்தில் நின்றே குடித்துவிட்டுப் போனவன் பிரெண்டன். அவன் எழுந்து நின்றான்.

"இல்லைங்க" என்றான். "காபி நானே போட்டுக்கிட்டேன்."

அலைக்காரர்களுக்குப் பேச்சு புரியவில்லை. புரிந்திருந்தால் அவர்களில் யாராவது வாயைத் திறந்திருப்பார்கள். கெலெரா பிரெண்டனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவளைக் காப்பாற்றச் சொன்னானா, விடுதியைக் காப்பாற்றச் சொன்னானா? முகம் சிவந்திருந்தது. அது எப்போதும் சிவந்திருக்கிற முகம்.

அத்தை மெதுவாக நடந்து தம்பியின் தலைமாட்டுக்கு வந்தாள். குனிந்து, அந்த வெள்ளை முடிப்பந்தின் ஓரத்தை விரலால் தொட்டாள்.

"நல்லாத்தான் சீவியிருக்கே" என்றாள், கெலெராவைப் பார்க்காமல். "இவன் இப்படிச் சீவி நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கேன். தெற்குத் தீவுக்குப் பொண்ணு கூப்பிடப் போனப்ப. நீ அப்போ பொறக்கவே இல்லை."

தாம்பாளத்தில் கவா கரைத்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டான்.

அத்தை தன் இடுப்பு மடிப்பிலிருந்து எதையோ எடுத்தாள். நீளப் பல் வைத்த மரச்சீப்பு. தலையணைக்கு அடியில் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டும். பல்லுக்கு நடுவே வெள்ளை முடி சுற்றியிருந்தது. அதை அவள் கெலெராவிடம் கொடுக்கவில்லை. மூலைக்குப் போய், அம்மாவின் முழங்காலுக்கு முன்னால், பாயின் மேல் வைத்தாள்.

"தலைமாட்டுல வந்து உட்காரு. அங்கேயே ஏன் ஒண்டிக்கிட்டு இருக்கே" என்றாள் அவளிடம். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணு நூறு நாளும் எங்களுக்கு ஆக்கிப் போடணும். விடுதிச் சமையல் வேண்டாம், மனுஷச் சமையல்" என்றாள். "தண்ணி வத்துது. கழியை எடுங்க."

மாலை வற்றத்தில் பாரின் முதுகு கறுப்பாக வெளியே வந்தபோது, சகியூசாவும் அபகுக்கியும் மூங்கில் கழிகளோடு அதன் மேல் நடந்தார்கள். நுனியில் தென்னங்குருத்து கட்டிய கழிகள். பிரெண்டன் மிதவையில் கட்டிய படகில் நின்று ஒவ்வொரு கழியாக எடுத்து நீட்டினான். அலைக்காரர்கள் கரையில் வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றினான். பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள்.

மறுநாள் காலை அலை இன்னும் பெரிதாக இருந்தது.

கெலெரா தேநீர் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அத்தைமார்கள் சுவரில் சாய்ந்து கண் அயர்ந்திருந்தார்கள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கெலெரா கோப்பையை அருகில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நேரத்தை மறைச்சே. அப்படியே அண்ணனை ஏற்றம்னு சொல்லச் சொல்லியிருந்தா யாருக்கும் சந்தேகமே வந்திருக்காதே. ஏம்மா சொல்லலை?"

அம்மா அவளை, என்ன பேசுகிறாய் என்பது போலப் பார்த்தாள்.

"தண்ணியைப் பத்தி எப்படிடி பொய் சொல்றது?"

பிறகு, "அந்த ஜன்னலைத் திற" என்றாள்.

கெலெரா பலகையைத் தள்ளினாள். இரைச்சல் உள்ளே வந்தது. கழிகளுக்கு அப்பால், பாரின் மூக்கில் ஓர் அலை எழுந்தது. நீலமாக நிமிர்ந்து, உதட்டை மடித்து, பாரின் நீளம் முழுவதும் ஒரு மடிப்புக் கலையாமல் ஓடியது. அதன் மேல் யாரும் இல்லை. மணல்திட்டில் பலகைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

அம்மாவின் தலை அலையோடு இடமிருந்து வலமாகத் திரும்பியது. அது முடியும் இடம்வரை போய் நின்றது. அவள் சீப்பின் பல்லிலிருந்து முடியை ஒவ்வொன்றாக எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பாரின் மூக்கில் இன்னொன்று எழுந்தது.